விருப்பத்தின் பேரில்

சம்பளச் சீட்டின் முதல் வரியில் நிற்கும் தொகையை
நான் ஒருநாளும் கையால் தொட்டதில்லை.
நோய்க்கென்று ஒரு பிடி.
முதுமைக்கு, வேலை போனால் என்று
அதற்கும் அள்ளிக்கொள்கிறார்கள்.
பிறர் குளிப்பாட்டிவிடும் நிலைக்கு
நான் வந்துவிட்டால் என்று இன்னொரு பிடி.
ஹனோவரில் பகல் முழுக்கப்
பிறரைக் குளிப்பாட்டிவிடுகிறவள் நான்.
அந்த ஒரு வரியோடு எனக்குத் தகராறில்லை.

இவையெல்லாம் கட்டாயம் என்றார்
திருமதி எல்லர்ப்ரோக்.
யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை, மழை மாதிரி.
பிறகு அடுத்த இழுப்பறையைத் திறந்தார்:
இனி வருவது உன் விருப்பம், மிஸியா.

விருப்பத்துக்கு இத்தனை படிவங்களா!
பல்லுக்கு, சைக்கிளுக்கு,
ஜன்னல் கண்ணாடிக்கு.
வழக்குப் போடும் செலவுக்கு.
சவப்பெட்டிக்கும் தவணை உண்டாம்.
அடியில் கிடந்தது,
நான் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கு.

நான் யாரை என்ன செய்துவிடப் போகிறேன்?

மேசைக்கடியில் படுத்திருந்த அவர் நாய்
ஒரு கண்ணை மட்டும் திறந்தது.
இவனுக்கு இந்த மாநிலத்தில் அது கட்டாயம், என்றார்.
ஆறு மாதம் தாண்டிய எந்த நாய்க்கும்.
மனிதருக்குத்தான் இல்லை.
ஏன்?
தோளைக் குலுக்கினார்.
மனிதர்கள் தாமாகவே எடுத்துக்கொள்வார்கள்
என்று ஒரு நம்பிக்கை.

நான் எடுத்துக்கொள்ளவில்லை.
அந்தக் காசுக்கு இரண்டு ரொட்டி வரும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
படுக்கைக்கு மேலே கூரையில்
ஒரு தீவு தோன்றிக்
கண்ணெதிரே கண்டமாகியது.
பிறகு சொட்டத் தொடங்கியது
மெத்தைமேல், ரேடியோமேல்,
காயப்போட்டிருந்த சீருடைமேல்.

கதவைத் தட்டியவர் கால்சட்டை
முழங்கால்வரை சுருட்டியிருந்தது.
மேல்வீட்டு இல்ஹோம்,
குஜந்த் ஊர்க்காரர், டிராம் ஓட்டுபவர்.
சலவை இயந்திரத்தின் குழாய் கழன்றுவிட்டதாம்.
மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் சொல் நாக்கில் சிக்கியது.
காப்பீட்டு எண் சிக்கவில்லை.
அத்தனை இலக்கமும் மனப்பாடமாக,
ஈரத் தலையோடு
வாசலில் நின்று ஒப்பித்தார்.

மெத்தைக்குப் பணம் வந்தது.
ரேடியோவுக்கும் வந்தது,
அதன் வயதைக் கழித்துக்கொண்டு.
படிவம் நிரப்ப அவர் மூன்று முறை இறங்கி வந்தார்.
நான்காம் முறை
கையில் படிவம் இல்லை, மாதுளை இருந்தது.
அந்த வாரமே போய்
நானும் ஒரு பத்திரம் எடுத்தேன்.
என்னாலும் சேதம் விளையக்கூடும் என்று
அப்போதுதான் தோன்றியது.

இரண்டு வசந்தம் கழித்து
ஒரே கதவில் இரண்டு பெயர்.
திருமணம் ஆயிற்றா என்றார் எல்லர்ப்ரோக்.
இல்லை.
அதனால் என்ன, ஒரே பத்திரம் போதும்,
பிந்தியதை ரத்துசெய்துவிடலாம்.
கிழடு தட்டிய நாய்
இம்முறை கண்ணே திறக்கவில்லை.

இரவு சமையலறையில் உட்கார்ந்து
பொடி எழுத்தைப் படித்தோம்.
பதினோராம் பக்கத்தில்
அவர் விரல் நின்றது.

ஒரே பத்திரத்தில் உள்ளவர்கள்
ஒருவருக்கொருவர் விளைவித்துக்கொள்ளும் சேதத்துக்கு
இழப்பீடு கிடையாது.

ஜெர்மனில் இருமுறை படித்தார்.
எங்கள் இருவருக்கும் பொதுவான
அரைகுறை ரஷ்யனில் ஒருமுறை.
அப்படியானால், என்றார்,
அந்நியர்களாகவே இருந்திருந்தால்
உனக்குப் பாதுகாப்பு அதிகம்.
ஆமாம், மெத்தைக்கு, என்றேன்.
கையெழுத்துப் போட்டோம்.
பேனா அவருடையது, மை கசிந்தது.
மேசைவிரிப்பு என்னுடையது.

போன வாரம்
என் மூக்குக்கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டார்.
வலது சில்லில் குறுக்காக ஒரு கோடு.
எழுதிக் கேட்க எந்த அலுவலகமும் இல்லை.
பசைநாடா ஒட்டித் தந்தார், கோணலாக.

அதை மாட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன்.
முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது
தொண்ணூறை நெருங்கும் வுல்பிராண்ட் கிழவர் கேட்டார்:
காப்பீடு தரும்தானே?

தராது, என்றேன்.
இது
நானாக விரும்பி எடுத்தது.

தண்ணீர் கொஞ்சம் சூடு போதாது, என்றார் அவர்.