இடது கார்னர்

பேப்பரில் வந்த அந்தப் படத்தில்
முகம் என்னுடையது.
பாட்டு அறுந்து, வாய் திறந்தபடி.
என் கணுக்காலில் இரண்டு கைகள்.
மாதையன் அவ்வளவுதான் தெரிவான்.

பதினாலு வருசம் மொரப்பூருக்கு இடது கார்னர்.
மைக்காரர் கத்தியதெல்லாம் எங்களைத்தான்:
அரூர்ச் சிங்கம் பாடி வருது பாருங்க!
சிங்கத்தை ஏழு தடவை மண்ணில் அமுக்கினான்.
ஒருமுறையும் தொடை தட்டவில்லை.
எழுந்து, என் முதுகு மண்ணை உதறிவிட்டுத்
தன் மூலைக்குப் போய்விடுவான்.

பாடுகிறவன் கண்ணை அவன் பார்ப்பதில்லை.
பெருவிரலைப் பார்ப்பான்.
திரும்பப்போகிற பக்கத்தை
மனசுக்கு முன்னால் விரல் முடிவுசெய்யும்.
எனக்கே அது தெரியாது,
எட்டாவது தடவை தப்பித்து ஓடியபிறகு
டீக்கடையில் அவனாகச் சொல்லும்வரை.

களத்தோரம் நடுகல் ஒன்று.
ஊர் மாட்டை மீட்கப்போய்
அம்பு பட்டு விழுந்த எவனோ. எழுத்து தேய்ந்துவிட்டது.
சட்டைகளை அதன்மேல்தான் கழற்றிப் போடுவோம்.
மாட்டை ஓட்டிப்போனவனுக்கும் கல் உண்டா என்று
ஒருநாள் கேட்டேன்.
சிரித்தான்.

தோள் இறங்கியபின் அவன் வரவில்லை.
ஓசூரில் ஏதோ கம்பெனி கேட்டில் நிற்கிறானாம்.

போன மாசம் பாப்பிரெட்டிப்பட்டியில் பெண்கள் ஆட்டம்.
நான் நடுவர்.
இடது மூலையில் ஒன்பதாவது படிக்கிற ஒருத்தி,
ரெட்டை ஜடையை மடித்துக் கட்டியவள்.
பாடி வந்தவளின் கைவீச்சையோ கண்ணையோ விட்டுவிட்டு
மண்ணையே பார்த்தாள்.
எனக்குக் கணுக்கால் சில்லிட்டது.

யார் சொல்லிக்கொடுத்தது என்று பிறகு கேட்டேன்.
கம்பைநல்லூர் அக்கா, என்றாள்.
அக்காவுக்கு?
தெரியலை சார்.

அதற்கு முன்,
அவள் பாய்ந்து பிடித்த அந்த நொடியில்
விசில் ஊத மறந்துபோனேன்.
இரண்டு பக்கமும் என்னைத் திட்டினார்கள்.