செல்லாத காசு

கடலூர்–புதுவை தடத்தில் கண்டக்டர் நான்.
நாளைக்கு ஆறு நடை.
எத்தனை தலை என்று கண்ணே எண்ணிக்கொள்ளும்,
வாயைக் கேட்டால் தெரியாது.

ராத்திரி பத்தே காலுக்கு
அரியாங்குப்பம் வீட்டில் பையைக் கவிழ்க்கிறேன்.
ஓனருக்குக் கட்டியது போக
மிஞ்சியவை பத்து ரூபாய்க் காசுகள்.
மீதியாகக் கொடுத்தால்
‘இது செல்லாதுப்பா’ என்று திருப்பித் தருகிறார்கள்.
என் சட்டைப்பை நோட்டை வைத்து
நானே மாற்றிக்கொண்டவை.

தூங்க வேண்டிய எவ்லின்
பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.
நாலரை வயசு.
‘எண்ணு பார்க்கலாம்.’

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
விரல் ஓடுகிறது, வாய் பின்னாலேயே ஓடி வருகிறது.
சில நேரம் வாய் ஏறிவிடுகிறது
விரல் ஸ்டாப்பிங்கிலேயே நிற்கிறது.
ஒரே காசு இரண்டு தரம் டிக்கெட் வாங்குகிறது.
ஒன்று டிக்கெட்டே இல்லாமல் போகிறது.

பாயின் சிவப்புக் கரையைக் காட்டினேன்.
இதுதான் நம்ம ஆறு.
எண்ணின காசைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளு.
போனது திரும்பி வரக்கூடாது.
தள்ளினாள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்
ஒரு சொல்லுக்கு ஒரு காசு
நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்க.

‘ஒன்பது!’

‘ஒன்பது காசு. ஆனா தொண்ணூறு ரூபா.’

மீதி குறைந்த பயணி பார்ப்பாரே
அப்படிப் பார்த்தாள்.
‘ஒன்பதுதான்ப்பா இருக்கு.’
‘ஒவ்வொண்ணும் பத்து, கண்ணு.’
ஒரு காசை எடுத்தாள்
புரட்டினாள், காதருகே ஆட்டினாள்.
‘மத்த ஒன்பதும் எங்க?’

பன்னிரண்டு வருஷம் இந்தப் பையைத் தோளில் சுமக்கிறேன்.
ஒருநாளும் கேட்டதில்லை.
தொண்ணூறு என்ற சொல்லுக்குள்
நூறு வேறு ஒளிந்திருக்கிறது
நல்லவேளை, அதை அவள் கவனிக்கவில்லை.

சட்டைக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருந்த செலின்
தலையைத் தூக்கவில்லை.
பீஸுக்கு ஒன்றரை ரூபாய், காலையில் வண்டி வரும்.
ஊசியில் வெள்ளைப் பட்டன்களைக் கோத்தாள்
பத்து ஆனதும் நூலை முடிந்து
பல்லால் அறுத்துப் பாயில் போட்டாள்.
‘இது எத்தினி?’
எவ்லின் தடவித் தடவி எண்ணி, ‘பத்து.’
செலின் முடிச்சைப் பிடித்துத் தூக்கினாள்.
‘இப்ப எத்தினி?’
நூலில் ஊசலாடியது அது.
எவ்லின் நெடுநேரம் பார்த்தாள்.
‘…ஒண்ணு.’
அப்புறம் உடனே, கோபமாக, ‘பத்தும்தான்!’

அதற்கப்புறம் வியாபாரம்.
ஒரு காசு கொடுத்தால் ஒரு சரம்.
மூன்று சரம் வாங்கியதும்
எல்லா பட்டனையும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்
அவளுக்கு இன்னும் எங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை.
இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு, இருபத்தி ஒன்பது,
இருபத்தி பத்து.

திருத்த வாயெடுத்தேன்.
செலின் முழங்காலால் என்னை இடித்தாள்.
அந்த இடைவெளியில்
எவ்லின் கையில் சரத்தோடு சாய்ந்துவிட்டாள்.
காலைக்கு முப்பது பட்டன் குறையும்.
நூலை அவிழ்க்க இருவருக்கும் மனசில்லை.

மறுநாள் முதல் நடை.
ரெட்டிச்சாவடி தாண்டி
ஏனோ விரலை நீட்டி, வாய்விட்டுத் தலை எண்ணினேன்.
‘என்னண்ணே, செக்கிங் நிக்கிறானா?’
டிரைவர் முத்துக்குமரப்பன் கண்ணாடியில் பதறினான்.
இல்லைப்பா, ஓட்டு.
இருபத்தி எட்டு. இருபத்தி ஒன்பது.
கன்னியக்கோவிலில் மீன்கூடையோடு ஒருவர் ஏறினார்.
கூச்சத்தோடு ஒரு பத்து ரூபாய்க் காசை நீட்டினார்.
‘செல்லுமா?’

உள்ளே பத்து இருக்கிறது, ஏறுங்க என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
இருபத்தி பத்து, என்று எண்ணி
விசில் அடித்தேன்.