நாலு மில்லிமீட்டர்

பெட்ரோலுக்கு வரிசை நின்ற வருடம் வாங்கியது.
றலி என்று சொல்லி விற்றார்கள்.
கழுத்தில் பெயர்த்தகடு இல்லை, அது இருந்த
இரண்டு ஓட்டை மட்டும்.

பின்னால் ஐந்து பற்சில்லும் தேய்ந்து
இறால் கொம்பு மாதிரிக் கூராகிவிட்டன.
விடியப்புறம் வுல்பெண்டால் ஏற்றத்தில்
செயின் துள்ளும். முழங்கால் போய் ஹாண்டிலில் இடிக்கும்.
ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் இரத்தம் எடுக்கும்போது
என் காலிலும் கொஞ்சம் காய்ந்திருக்கும்.

பஞ்சிகாவத்தையில் நளீம் நானா
யப்பான் கொண்டெய்னரில் வந்த பின்சில்லு ஒன்றை
எட்டுப் பல்லடுக்கோடு உருட்டிக்கொண்டு வந்தார்.
"பிரேம் இரும்புதானே தங்கச்சி, பயப்பட வாணாம்.
அலுமினியம் எண்டா நான் விக்கவே மாட்டன்."

மூன்றாம் மாடி, நடைபாதை லைற்.
பெடல் தண்டின் வலப்பக்கக் கிண்ணம்
எதிர்த்திசையில்தான் கழரும் என்று தெரியாமல்
கழற்றுவதாய் நினைத்து இரண்டு இரவு
இறுக்கிக்கொண்டே இருந்தேன்.
கீழ்வீட்டு மிஸிஸ் கஸ்பார் தும்புத்தடியால்
சீலிங்கைத் தட்டினா.

றெஜினோல்ட் அறைக்குள் இருந்தான்.
பதினொரு நாளாக நாங்கள் கதைப்பதில்லை.
அவன் தம்பிக்குக் கொடுத்த காசு.
எனக்குச் சொல்லாமல் கொடுத்த காசு.

புதுச் சில்லு பிரேமுக்குள் நுழையவில்லை.
நாலு மில்லிமீட்டர் போதாது.
ஒரு ஆள் இழுத்தால் ஒரு பக்கம்தான் விரியும்,
பிறகு சைக்கிள் நண்டு மாதிரி ஓடும்.

நான் கூப்பிடவில்லை.
கழுத்திலிருந்து பின்னச்சுவரை நூல் கட்டி
அளந்துகொண்டிருந்தேன்.
அவன் வந்து எதிரே குந்தி
மற்றக் குழாயைப் பிடித்தான்.

"எவ்வளவு?"
"நாலு."
"உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு."

இழுத்தோம். விட்டதும் பழைய இடத்துக்கே போனது.
இன்னும் இழுத்தோம்.
தேவைக்கு மேலே போய்த்தான்
தேவையான இடத்துக்குத் திரும்பி வருகிறது இரும்பு.
ஐந்தாம் தரம் குழாய்க்குள் ஏதோ
'ம்' என்றது.
நூலை வைத்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒன்று.

அவன் கறள் கையைக் கழுவப் போனான்.
சவர்க்காரம் முடிந்துவிட்டது என்றான்.
தட்டில் இருக்கிறது என்றேன்.
அவ்வளவுதான் அன்றைக்கு.

இன்று காலை ஏற்றத்தில் செயின் துள்ளவில்லை.
ஆறாவது கியர் மட்டும் கிறுகிறுக்கிறது.
கேபிளை அரைச் சுற்றுத் திருகினால் போதும்,
திருகவேண்டும்.
அதுவரை
ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவிவிடுகிறேன்.