ஆறாம் வளைவில் ஒரு புள்ளி

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் எந்திரம்
இரவு பத்துக்கு ஓயும்.
பத்தே முக்காலுக்கு லாரி கிளம்பும்.
கொஞ்ச நேரத்தில் போஜராஜ் எனக்கு எழுதும் கடிதம் தொடங்கும்:

14

எழுவாய் இல்லை, பயனிலை இல்லை.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவு தாண்டியாச்சு,
பிரேக் பிடிக்கிறது, கிளீனர் தூங்கிவிட்டான்,
கதவைத் தாழிட்டாயா
எல்லாவற்றையும் அந்த இரண்டு இலக்கம்
மூட்டையோடு மூட்டையாக ஏற்றி வரும்.

நான் பிழை திருத்துகிறவள்.
ஏதோ ஒரு கம்பெனிக்கு, வார்த்தைக்கு இருபது பைசா.
பிள்ளைகள் எழுதும் ஆங்கில விண்ணப்பங்கள்.
'யூ'வை ஒற்றை எழுத்தாக்கியவர்கள்,
'ஐ'யைக் குனியவைத்தவர்கள்,
வாக்கியம் முடிந்ததென்று சொல்லாமலே
அடுத்த வரிக்குத் தாவியவர்கள்.
நிமிர்த்தி, பொத்தான் மாட்டி, நேர்காணலுக்கு அனுப்புகிறேன்.
ஒரு நாளைக்கு நானூறு முற்றுப்புள்ளியாவது வைப்பேன்.

வீட்டில் அவை செல்லுபடியாவதில்லை.
'சாப்பிட்டேன்.' என்று அனுப்பினால்
கோவை ஹாஸ்டலிலிருந்து நாத்தனார் ஹேமாவதி கேட்கிறாள்:
என்மேல என்ன கோபம் அண்ணி
கோபமா?
புள்ளி வெச்சிருக்கீங்களே
ஒற்றைக் 'கே' கதவை அறைவதாம்.
இரண்டு 'கே' டீ போட்டுக் கொடுப்பதாம்.
எந்த இலக்கணத்தில் என்றேன்.
அழுதுகொண்டே சிரிக்கும் மூஞ்சி ஒன்று வந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
14
13
11
பன்னிரண்டில் சிக்னல் கிடையாது,
அந்த இடைவெளியும் எனக்கு மனப்பாடம்.
8
7
பிறகு

6.

தூசி என்று நினைத்துத் திரையைத் துடைத்தேன்.
போகவில்லை.
மூன்று வருஷத்தில் அவன் வைத்த முதல் புள்ளி.
காலையில் கேஸ் புக் பண்ணாததற்குச் சண்டை போட்டிருந்தோம்.
கோபமா?
விரல் தவறியதா? வண்டியே தவறியதா?
அழைத்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றாள்
எதற்கும் பதறாத ஒருத்தி,
முழு வாக்கியத்தில், ஒரு பிழை இல்லாமல்.

பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி
6.
ஒன்றரைக்கு
6.

செத்தவன் மூன்று முறை புள்ளி வைக்கமாட்டான்.
வண்டி நிற்கிறது. அவ்வளவுதான்.
கற்பூர மரம் ஏதோ குறுக்கே சாய்ந்திருக்கும்.
நிற்பதற்கு அவனுக்கு ஒரு குறி வேண்டியிருந்தது,
இருட்டில் கையில் அகப்பட்டதை எடுத்து வைத்திருக்கிறான்,
சக்கரத்துக்குக் கல் வைப்பதுபோல.

மூன்றே காலுக்கு வந்தது

6,

எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான்.
ஒரு காற்புள்ளிக்காக எழுந்து உட்கார்ந்து
முகம் கழுவியது அன்றைக்குத்தான்.
கேகே, என்று அனுப்பினேன்.

ஐந்தரைக்கு ஒரு கேரட் படம்.
மேட்டுப்பாளையம் மண்டி என்று அர்த்தம்.
விலை சரிந்திருந்தால் பாதி கடித்த கேரட்டைத் தேடுவான்,
அப்படி ஒன்று இல்லையே என்று புலம்புவான்.

ஒன்பது மணிக்கு வேலையைத் திறந்தேன்.
தேனிப் பையன் ஒருவனின் விண்ணப்பம்.
பதிலுக்குக் காத்திருக்கிறேன், புள்ளி இல்லாமல்.
வைத்தேன். கோபக்காரனாகத் தெரிந்தான்.
எடுத்தேன்.
பிறகு வைத்தேன்,
வார்த்தைக்கு இருபது பைசா