சர்வே எண் 118/2பி

வேட்புமனுவோடு சேர்த்த பிரமாணப் பத்திரம்
பதினெட்டுப் பக்கம்.
சாயல்குடி ஜெராக்ஸ் கடையில்
மங்கிய பக்கங்களை மட்டும்
இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன்.

"ஏதாச்சும் சிக்குமா?" என்றார்
ஒன்றியச் செயலாளர் நாகூர்கனி,
பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

சிக்கியது.
கையிருப்பு பதினோராயிரம்.
கூட்டுறவு வங்கியில் அடகில் ஒரு சங்கிலி.
வழக்கு ஒன்று: காலிக்குடங்களோடு சாலை மறியல்.
குற்றப்பத்திரிகை நகலில்
ஏழாவது பெயர் என் மதினியுடையது.
அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

பிறகு மூக்கையூரில் எண்பது சென்ட்.
முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தும்
வில்லங்கம் ஏதுமில்லை.
மதிப்பு நான்கு லட்சமாம்.
குறைத்துக் காட்டியிருப்பாள் என்று
புலப்படத்தோடு பைக்கை எடுத்தேன்.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்
கையை நீட்டினார், கடல் பக்கம்.
இருபது பாகம் தள்ளி,
வத்தத்தில் மட்டும் தலை காட்டும்
எல்லைக்கல்.
அதன்மேல் ஒரு நீர்க்காகம்.

"கட்சிக்காரவுகளா?
சவேரியாக்கா இன்னும் தீர்வை கட்டுதுங்க."

இரவு அறிக்கை அடிக்க உட்கார்ந்தேன்.
அசையாச் சொத்து என்ற கட்டத்தில்
கல்லைச் சுற்றித் தண்ணீர்
அசைந்துகொண்டே இருந்தது.
நாகூர்கனியின் போன்,
மூன்றாவது முறை.