இடது முன்பக்கம்

எங்கேயும் மோதவில்லை என்கிறார் நஜ்முதீன்.
ராத்திரி கொஞ்சம் விரட்டினாராம்,
திருச்சியில் விமானம், மச்சானுக்கு நேரமாகிவிட்டதாம்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று
நான் கேட்பதில்லை. வண்டியே சொல்லும்.

பானெட்டின் மூலையை அமுக்கி விட்டேன்.
ஒரு தரம் எழும்பி நிற்க வேண்டியது
மூன்று தரம் ஆடியது.
ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியிருந்தது.
ஜாக்கியில் ஏற்றி
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால்
டக்.
பால் ஜாயின்ட்.
லோயர் ஆர்மும் வளைந்திருக்கிறது.
பள்ளத்தில் இறங்கினால் இப்படி வளையாது.
இது கல்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனேன்.
கிழிந்த புஷ் ஓரம், கிரீஸில் ஒட்டி
ஏழெட்டு நெல்மணி.
ஒன்றைத் துடைத்துக் கடித்தேன்.
நொறுங்கவில்லை, நசுங்கியது.
ஆடுதுறை நாற்பத்தைந்து.
ஈரம் பதினேழுக்கு மேல் என்று
கொள்முதல் நிலையத்தில் திருப்பியனுப்பிய நெல்.

வடபாதிமங்கலம் சாலையில்
பாதித் தாரை அடைத்து அதைக் காயப்போட்டு
வண்டி ஏறாமலிருக்க
ஓரத்தில் கருங்கல் வரிசை வைத்தது நான்தான்.
விடியலில் ஒரு கல் வாய்க்காலுக்குள் கிடந்தது.
திட்டினேன், யாரென்று தெரியாமலே,
அவன் தாயையும் சேர்த்து.

"என்னவாம்?" குனிந்து பார்க்கிறார்.
"தேய்மானம், பாய்."
ஆர்ம், ஜாயின்ட், புஷ், ஷாக் ரெண்டு பக்கமும்
எழுதிக்கொண்டே வந்த பேனா
கூலி என்ற இடத்தில் நின்றது.

"மச்சான் விமானத்தைப் பிடிச்சாரா?"
"அதை ஏன் கேக்குறீங்க, மூணு மணி நேரம் லேட்டு."

பல்லிடுக்கில் உமி.
துப்பிவிட்டு மறுபடி கீழே படுத்தேன்.