இரண்டு வரை மறதி

மழை படுத்த வேளாண்மை.
மெசின் இறங்காது என்று
வெல்லாவெளி வட்டை முழுக்கக் கைவிரித்த மாசியில்
பழைய கத்திகளைத் தேடி எடுத்தோம்.
இரண்டு ஏக்கருக்கு ஐந்து பேர்.
கூலி பேசும்போதே நான்
யூதர்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

சிரிக்க வேண்டாம்.
அவர்களுக்கு அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளை.
அதில் ஒன்று:
வயலில் ஒரு கட்டை மறந்து வந்தாயா,
எடுக்கத் திரும்பிப் போகாதே.
அது அந்நியனுக்கு,
தகப்பனில்லாப் பிள்ளைக்கு, தாலி இழந்தவளுக்கு.

மற்றதையெல்லாம் மனம் வைத்தால் செய்யலாம்.
வயல் மூலையை அறுக்காமல் விடலாம்.
முதற்கதிரைக் கொண்டுபோய்ச் சந்நிதியில் அசைத்து
நாற்பத்தொன்பது நாள் எண்ணி
ஐம்பதாம் நாள் பெருநாள் எடுக்கலாம்.
இதை மட்டும் செய்ய முடியாது.
வேண்டுமென்று விட்டால்
அது தானம்.

ஒருவன் உண்மையாகவே மறந்தானாம்.
ஞாபகம் வந்ததும் மகனைக் கூப்பிட்டு
ஒரு காளையைத் தகனபலிக்கும்
இன்னொன்றைச் சமாதானபலிக்கும் ஓட்டிப்போகச் சொன்னானாம்.
அவ்வளவு சந்தோசம்.

“ஒரு கட்டுக்கு ரெண்டு மாடா?
கணக்குத் தெரியாத மனிசன்”
என்றாள் றெபேக்கா, கதிரிலிருந்து தலை நிமிராமல்.

முயன்று பார்த்தேன்.
வாய்க்கால் ஓரத்து உப்பட்டியைக்
காணாதவன் போலத் தாண்டி நடந்தேன்.
பத்தடி போகவில்லை.
அது சாய்ந்த பக்கம், மேலிருந்த தும்பி,
கீழே நசுங்கிய நண்டு வளை
எல்லாம் மனப்பாடம்.

இதையும் அளந்து வைத்திருக்கிறார்கள்
அவர்களுடைய அறிஞர்கள்.
ஒன்று கிடந்தால் மறதி.
இரண்டும் மறதி.
மூன்று சேர்ந்து கிடந்தால் மறதியில்லை;
உடையவன் திரும்பி வருவான்.

இந்த இடத்தில்தான்
மேலே வாசிக்க முடியாமல் போனது.

இரண்டாயிரத்து ஏழு.
ஷெல் விழத் தொடங்கிய இரவில்
இதே வட்டையில் வெட்டியது வெட்டியபடி கிடக்க
எழுவான்கரைக்கு ஓடினோம்.
மூன்றல்ல, முந்நூறு கட்டு.
ஒன்றையும் மறக்கவில்லை.
முகாமில் படுத்துக்கொண்டு
வரம்பு வரம்பாக எண்ணினேன்.
நாற்பத்தொன்பது நாளுக்கு மேலும் எண்ணினேன்,
எந்தப் பெருநாளும் வரவில்லை.
அதற்கொரு கட்டளை
அறுநூற்றுப் பதின்மூன்றிலும்
என் கண்ணில் படவில்லை.

இந்த முறை சூடு வைத்து முடிய
நன்றாக இருட்டிவிட்டது.
குளித்தோம், சாப்பிட்டோம், படுத்தோம்.

நடுச்சாமத்தில்
கட்டாரிலிருந்து மத்தேயு எடுத்த அழைப்பு நினைவில் வந்தது.
போனை எடுக்கத் தோளில் இருந்ததைக்
கிழக்கு வரம்பில் இறக்கினேன்.
பேசினேன்.
பேசிக்கொண்டே நடந்தேன்.

எழும்பி இருந்தேன். கால் நிலத்தில் பட்டது.
டோர்ச்சுக்குப் போன கை
பாதியில் நின்றது.

“என்ன சிரிப்பு இந்நேரத்தில?” என்றாள் றெபேக்கா.

காளை இல்லை எங்களிடம்.
இருப்பது ஒரு பேட்டுக்கோழி,
அதுவும் அடையில் கிடக்கிறது.

விடிந்ததும் வயலுக்குப் போக வேண்டியிருந்தது.
கிழக்கு வரம்பை விட்டு
சுற்றுப்பாதையால் போனேன்.